ரூபாய் சரிஞ்சா திருப்பூர் எழுந்துடாதுங்க

‘ரூபாய் சரிஞ்சாலே திருப்பூருக்கு ஆர்டர் கொட்டும்’னு நீங்க பதிவு போட்டிருக்கிறது பாதிதாங்க சரி. 2022 ஜூலையில் டாலர் 80ஐத் தொட்டுச்சு, 2024 அக்டோபரில் 84. 3 டாலர் டி-சர்ட்டுக்குக் கூடுறது 12 ரூபாய், அதாவது 5%. முன்கூட்டியே 81க்கு ஃபார்வர்ட் (பின்னாடி வரப்போற டாலரை இப்பவே பேசின ரேட்டுக்கு பேங்க்குக்கு விக்கிற ஒப்பந்தம்) போட்டிருந்தா வெறும் 3 ரூபாய். அடுத்த ரேட் பேசுறப்போ சரக்கு வாங்குற வெளிநாட்டு பையர் அதையும் கழிக்கச் சொல்வார். அவருக்கும் டாலர் விலை தெரியுமுங்களே! வெளிநாட்டு ஊசியும் சாயமும் வேற ஏறும்.

வரியை விட்டுட்டீங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல வங்கதேச டி-சர்ட்டுக்கு வரி பூஜ்யம். 2011லிருந்து வெளிநாட்டுத் துணியை வாங்கித் தைச்சாலும் அந்தச் சலுகை உண்டு. அதே வருசங்கள்ல நம்ம சரக்குக்கு 9.6%. 5%ஐ வச்சு இதை எப்படிங்க அடைக்கிறது? போதாக்குறைக்கு 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பஞ்சுக்கு 11% வரி போட்டது நம்ம பட்ஜெட்தான்.