நார்மருக்கு முன்பே அரசு இருந்தது

பண்டைய எகிப்தில் அரசு எப்படிப் பிறந்தது என்பது பற்றிய கட்டுரை, தெற்கின் மன்னர் நார்மர் வடக்கைப் போரில் வென்றார், எகிப்து ஒரே நாடானது என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. நார்மரின் காலம் சுமார் கி.மு. 3100. அதற்கும் முன்பே தென் எகிப்தின் அபிடோஸில் புதைக்கப்பட்ட ஒரு தலைவனின் கல்லறையை 1988இல் ஜெர்மானியத் தொல்லியலாளர் குந்தர் டிரையர் தோண்டினார். உள்ளே நூற்றுக்கணக்கான மது ஜாடிகள். கூடவே எலும்பிலும் தந்தத்திலும் செய்த சின்னச் சின்னச் சீட்டுகள், சரக்கில் கட்டித் தொங்கவிடத் துளையிட்டவை. அவற்றில் எண்களும் குறிகளும் இருக்கின்றன. எகிப்திய எழுத்தின் மிகப் பழைய சான்றுகளில் இவையும் சேர்த்தி. வந்த பொருளை எண்ணிக் கணக்கு வைக்க அப்போதே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அரசு என்பது அதுதானே!

அப்புறம், பாசனத்தை நிர்வகிக்கவே அரசு பிறந்தது என்ற கட்டுரையின் வாதம். அதுவும் சரியில்லை. நைல் வெள்ளம் ஆண்டுதோறும் தானாகவே வயலில் ஏறியது. கரையையும் மடையையும் பார்த்துக்கொள்ள ஊர்க்காரர்களே போதும். நைலின் பெரிய உதவி போக்குவரத்தில்தான். நீரோட்டம் வடக்கே போகும், காற்று பெரும்பாலும் தெற்கு நோக்கி வீசும். அதனால் படகு இரு திசையிலும் ஓடும். தானியமும் படையும் அந்த வழியில்தான் போயின. நார்மருக்கு முன்பு தென் எகிப்தின் ஹைராகோன்போலிஸ், நகாடா, அபிடோஸ் ஆகிய ஊர்களை ஆண்ட தலைவர்களைப் பற்றியும் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டும்.