கொடுத்தவர் யாரென்று தெரியாத காசு

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் மாமா இன்னும் பழைய ஹொண்டா பிப்டி மோட்டார் சைக்கிள்தான் ஓடுகிறார். ஒரு கையில் தயிர்ச்சட்டி, மறுகையில் ஹேண்டில். "டேய் மனே, இத செஞ்சவன் கெட்டிக்காரன்டா" என்பார். கெட்டிக்காரர்தான். கிளச் பிடிக்கத் தேவையில்லாமல் அந்த வண்டியை 1958இல் இறக்கியதே, யப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன்கள் ஒரு கையில் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டட்டும் என்றுதான்.

சொய்ச்சிரோ ஹொண்டா கொல்லர் ஒருவரின் மகன், 1906இல் பிறந்தவர். உலக யுத்தம் முடிந்த கையோடு, இராணுவம் கழித்துவிட்ட சின்ன எஞ்சின்களைச் சைக்கிளில் பூட்டி விற்றார். பெற்றோல் கிடைக்காததால் பைன் மரத்து எண்ணெயையும் கலந்து ஓட்டினார்கள். 2022இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நமக்கு அந்தப் பாடு விளங்கும். 1948இல் கம்பனி. அடுத்த வருடம் தக்கேயோ புஜிசாவா வந்து சேர்ந்தார். பட்டறை ஹொண்டாவுக்கு, காசும் விற்பனையும் புஜிசாவாவுக்கு.

சரி, நான் எழுத வந்தது வண்டியைப் பற்றி இல்லை. 1961இல் இந்த இரண்டு பேரும் சொந்தக் காசைப் போட்டு, அறிவியல் படிக்கும் இளம் ஆய்வாளர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கத் தொடங்கினார்கள். தங்கள் பெயரை வெளியே விடவில்லை. செலவுக் கணக்கும் கேட்கவில்லை. 1983இல் அதை மூடும்வரை 1,700 பேருக்கு மேல் வாங்கினார்கள், யார் காசென்று தெரியாமலே.

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்கும் ஒரு புத்தகப்பை கிடைத்தது. பையைவிட அதிலிருந்த பெயர் பெரிது. நான் சிரிக்கவில்லை என்று போட்டோவை மூன்று தரம் எடுத்தார்கள். இன்றைக்கும் ஊரில் கிணற்றுக்கட்டிலும், ஏன், கக்கூஸ் சுவரிலும்கூட அன்பளிப்புப் பலகை தொங்குகிறது.

உதவி செய்கிற கூட்டாளிமார் சொல்வார்கள், "போட்டோ போடாட்டி வெளிநாட்டில இருக்கிறவன் நம்பமாட்டான் மச்சான்" என்று. அதுவும் நியாயம்தான், இங்கே காசு காணாமல் போன கதைகள் கொஞ்சமில்லை. அதற்குப் பற்றுச்சீட்டைக் காட்டு, கட்டிய கிணற்றைக் காட்டு. பிள்ளையின் முகம் எதற்கு?

1991இல் ஹொண்டா இறந்தபோது கம்பனி பெரிய இறுதிச் சடங்கு நடத்தவில்லை. தெருவில் வாகன நெரிசலாகி ஆட்களுக்குக் கரைச்சல் வரும், வேண்டாமென்று அவரே சொல்லி வைத்திருந்தார்.

என்னுடைய அந்த மூன்றாவது போட்டோ மட்டும், எந்த அலுவலகத்து அறிக்கையில் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறதோ தெரியாது.