மட்டிக்காக அழுகிற மட்டி

முந்தாநாள் நான் போட்ட பதிவையும் அதன் கீழே நடந்ததையும் உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் எட்டு வகை ஆற்று மட்டிகள், அதாவது இரட்டை ஓட்டு ஆற்றுச் சிப்பிகள், பூண்டோடு போய்விட்டன என்று எழுதியிருந்தேன். வந்து விழுந்ததெல்லாம் சிரிப்பு முகங்கள். ஒருவர் மட்டிக் குழம்புக்குப் பக்குவம் எழுதினார். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிற ஒரு தம்பி, "மட்டிக்காக அழுகிற மட்டி" என்று எழுதினான். அதற்குத்தான் அன்றைக்கு அதிக விருப்பக்குறி. சிரித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். இரண்டு நாளாக உறுத்துகிறது.

எட்டு வகை. ஒன்றிரண்டு இல்லை, எட்டு. 2023 அக்டோபரில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை 21 உயிரினங்களை ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இனிக் காப்பாற்ற ஒன்றுமே மிச்சமில்லை, அதனால் எடுத்துவிட்டது. அதில் எட்டு, மட்டிகள். அப்போதும் செய்திகளில் பறவைப் படங்களைத்தான் அதிகம் போட்டார்கள். ஹவாயில் அழிந்த காவாய் ஓஓ பறவையின் குரலைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் யாருக்கும் தொண்டை அடைக்கும். மட்டிக்கு ஏது குரல்? ஆற்று மணலில் பாதி புதைந்து, வாயைக் கொஞ்சம் திறந்து, வருகிற தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். வளர்ந்த மட்டி ஒன்று ஒரு நாளைக்கு 40 லிட்டர் வரை வடிகட்டும். அதையும் முந்தாநாளே எழுதியிருந்தேன், யார் படித்தீர்கள்?

நான் அலபாமாவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். மட்டி வகைகள் அமெரிக்காவிலேயே அதிகம் இருக்கிற மாநிலம் இது, ஏறக்குறைய 180 வகை. எங்கள் ஊருக்கு மேற்கே டென்னசி ஆற்றில் மசில் ஷோல்ஸ் என்று ஓர் இடம். முன்பு அங்கே தண்ணீர் பாறைமேல் பாய்ந்து ஓடுமாம். அந்த ஒரு துண்டு ஆற்றில் மட்டும் எழுபது வகைக்குப் பக்கத்தில் மட்டிகள் இருந்தன. 1924இல் வில்சன் அணையைக் கட்டி முடித்தார்கள், பாறையெல்லாம் ஏரிக்கு அடியில் போய்விட்டது. ஓடுகிற தண்ணீரும் கூழாங்கல்லும் இல்லாவிட்டால் இந்த வகை மட்டிகளால் பிழைக்க முடியாது. நின்ற தண்ணீரில் சேறு படிந்து மூச்சு முட்டிச் சாகும்.

"ஓரமாக நகர்ந்து போக வேண்டியதுதானே" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இவருக்கு மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம். மட்டியால் பெரிதாக நகர முடியாது. அதன் குஞ்சுகள் ஏதாவது மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் இருந்தால்தான் மட்டியாக முடியும். எந்த மீனானாலும் சரி என்று இல்லை, பல வகைகளுக்குக் குறிப்பிட்ட சில மீன்கள்தான் ஆகும். அழிந்த எட்டில் ஆறு, எபியோபிளாஸ்மா என்ற ஒரே பேரினம், நெருங்கிய சொந்தங்கள். அதே பேரினத்தில் ஸ்னஃப்பாக்ஸ் என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. லாக்பெர்ச் என்ற மீன் இரை தேடி மூக்கால் கல்லைப் புரட்டிக்கொண்டே வரும். இந்த மட்டி வாயைத் திறந்து காத்திருக்கும். மீன் மூக்கை நுழைத்ததும் கப்பென்று தலையைக் கவ்விக்கொண்டு, குஞ்சுகளை அதன் செவுளுக்குள் அனுப்பிவிட்டு, அப்புறம் விட்டுவிடும். அந்த மீனுக்கு மண்டை கெட்டி, அதனால் தாங்கும். கண்ணும் இல்லாத, மூளை என்று சொல்ல எதுவும் இல்லாத ஒரு உயிர் இதைச் செய்கிறது! இதைப் போய் மட்டி என்றால் முட்டாள் என்று வைத்திருக்கிறோம். குறுக்கே அணை வந்தால் மீன் மேலே ஏறாது. மீன் வராவிட்டால் குஞ்சு இல்லை. மட்டிகளில் பல ஐம்பது வருஷம்கூட வாழும். ஆகவே பார்க்கிறவர்களுக்கு ஆற்றில் மட்டி இருப்பது போலவே தோன்றும். எல்லாமே கிழங்கள், பின்னால் ஒரு குஞ்சுகூட இல்லை.

"உயிரினம் அழிவது இயற்கைதானே" என்கிறீர்கள். நூறு வருஷத்துக்குள் இத்தனை ஆற்றை மறித்தது இயற்கையா? இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"உன் வீட்டு விளக்கு எந்த மின்சாரத்தில் எரிகிறது?" என்பது நியாயமான கேள்வி. அந்த அணைகளின் மின்சாரமும் சேர்ந்துதான் எரிகிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழிந்த எட்டில் ஒன்றான ஸ்டிரப்ஷெல் எதற்காகப் போனது? குதிரைச் சேணத்து அங்கவடி போல ஓடு, அதனால் அந்தப் பெயர். அது டாம்பிக்பீ ஆற்று மட்டி. டென்னசி ஆற்றையும் டாம்பிக்பீயையும் இணைக்க 377 கிலோமீட்டருக்கு நீர்வழி போட்டார்கள். 1972இல் ஆரம்பித்து 1984 டிசம்பரில் முடித்தார்கள். மின்சாரத்துக்கு இல்லை, சரக்குப் படகு போக. சொன்ன அளவுக்குச் சரக்கும் வரவில்லை. ஸ்டிரப்ஷெல்லை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது 1987இல். வாய்க்கால் வெட்டி முடித்தபிறகு! எட்டில் இன்னொன்றான சதர்ன் ஏகார்ன்ஷெல் கதை இதைவிட மோசம். கடைசியாகப் பார்த்தது 1973, பட்டியலில் சேர்த்தது 1993. இருபது வருஷம். செத்தவருக்கு மருந்துச் சீட்டு எழுதிய கதை.

"மனுஷனுக்கே நாதியில்லை, மட்டிக்கு அழுகிறாள்" என்றவருக்கு. மனுஷனுக்காக அழுதபோது நீங்கள் எங்கே வந்தீர்கள் ஐயா? மனுஷர்கள் இந்த மட்டியிடம் வாங்காததா? அயோவாவில் மஸ்கடீன் என்ற ஊரில் ஜான் போப்பிள் என்ற ஜெர்மன்காரர் 1891இல் மட்டி ஓட்டில் சட்டைப் பொத்தான் வெட்ட ஆரம்பித்தார். 1905இல் அந்த ஒரே ஊரில் 150 கோடி பொத்தான்கள். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது, விட்டார்களா? ஓட்டை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே அதை உருண்டையாகக் கடைந்து கடல் சிப்பிக்குள் வைத்தார்கள், முத்து வளர அந்த உருண்டைதான் கரு. உங்கள் வீட்டில் ஜப்பான் முத்துமாலை இருந்தால், ஒவ்வொரு முத்துக்குள்ளும் பெரும்பாலும் இந்த ஊர் ஆற்று மட்டி ஒன்று இருக்கிறது.

எங்கள் ஆச்சி பால் சட்டி அடிப்பிடித்தால் ஆற்று மட்டி ஓட்டால்தான் சுரண்டுவாள். தாமிரபரணியில் குளிக்கப் போகும்போது எடுத்து வந்தது. விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருக்கும், உள்பக்கம் வெயிலில் பிடித்தால் ஊதாவும் பச்சையும் ஓடும். சுரண்டியதைச் சர்க்கரை போட்டு எனக்குத்தான் கொடுப்பாள். அவள் போனபிறகு வீட்டைக் காலி செய்தவர்கள் பித்தளையைப் பங்கு பிரித்தார்கள், அந்த ஓட்டை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் போனில் கேட்டதற்குச் சிரித்தார்கள். அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு ஒரு கிளிஞ்சலையா கேட்கிறாய் என்று. முந்தாநாள் அந்தச் சிரிப்பு முகங்களைப் பார்த்தபோது எனக்கு அந்த போன்தான் ஞாபகம் வந்தது. எதற்கு வருத்தப்படலாம், எதற்குக் கூடாது என்று எனக்கு அளந்து கொடுக்க நீங்கள் யார்? யானை செத்தால் நீங்களும் அழுவீர்கள். நான் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேனா?

தம்பி, உன் பின்னூட்டத்தை நான் அழிக்கவில்லை. உன்னை நீக்கவும் இல்லை. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. வில்சன் அணைக்குக் கீழே கொஞ்ச தூரம் இன்னும் தண்ணீர் ஓடுகிறது, அங்கே இன்னும் சில வகைகள் உயிரோடு இருக்கின்றன. மேரியன் என்ற ஊரில் மாநில அரசு ஒரு நிலையம் வைத்து மட்டிக் குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விடுகிறது. தண்ணீர் இறங்கியிருக்கும் நாளாகப் பார்த்துக் கூட்டிப்போகிறேன். கையில் எடுக்கக் கூடாது. குனிந்து பார்க்கலாம்.