ஐஎஃப்எஸ்சியும் ஸ்விஃப்ட் குறியீடும் ஒன்றல்ல

"வெளிநாட்டுப் பணம் பெற ஐஎஃப்எஸ்சியே போதும், ஸ்விஃப்ட் குறியீடு என்பது அதன் மறுபெயர்" என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது.

ஐஎஃப்எஸ்சி என்பது வங்கிக் கிளையைக் குறிக்கும், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முதலிய உள்நாட்டுப் பணப் பரிமாற்றங்களுக்குரிய 11 இடக் குறியீடு. அதன் ஐந்தாம் இடத்தில் சுழியம் நிற்கும். நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப உதவும் ஸ்விஃப்ட் குறியீடோ ஐஎஸ்ஓ 9362 என்னும் பன்னாட்டுத் தரப்படி 8 அல்லது 11 இடங்கள் கொண்டு, முதல் நான்கில் வங்கியையும் அடுத்த இரண்டில் நாட்டையும் குறிப்பது.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் சில செயலிகள் ஐஎஃப்எஸ்சியை மட்டும் கேட்பதே இக்குழப்பத்துக்கு இடமளித்திருக்க வேண்டும்; அவை இந்தியாவுக்குள் உள்நாட்டு வழியில் பணத்தைச் செலுத்துகின்றன. வெளிநாட்டு வங்கியிலிருந்து நேரடியாக வரும் பரிமாற்றத்துக்கு ஐஎஃப்எஸ்சி மட்டும் போதாது.

மயிலாப்பூர், தாம்பரம் போன்ற இடங்களிலுள்ள கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இல்லாவிட்டால் அஞ்ச வேண்டாம். வங்கி தன் வேறொரு கிளையின் குறியீட்டைத் தருவது வழக்கமே. அதைப் பெற ஓடிபி எதுவும் தேவையில்லை.