சேஃப்டி டிரெயினிங்கா? முதலில் சூப்பர்வைசரை உட்கார வையுங்கள்

பல கட்டுமான சைட்டுகளில் பாதுகாப்புப் பயிற்சி என்பது இப்படித்தான் நடக்கிறது. புதிதாக வந்த ஆட்களை ஒரு ஷெட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் படம் போடுவார்கள். ரிஜிஸ்டரில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கொடுத்து மேலே அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஆனால் ஆள் எங்கே நிற்க வேண்டும், எதில் ஏற வேண்டும், எவ்வளவு அவசரமாக முடிக்க வேண்டும் என்று நாள் முழுக்கச் சொல்பவர் அவர்தான். அவருக்குத் தெரியாத பாதுகாப்பு அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஆளுக்கு எங்கிருந்து வரும்?

உயரத்தில் வேலை செய்பவர் உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பெல்ட்டான ஹார்னஸையே எடுத்துக்கொள்ளுங்கள். "பெல்ட் போடு, ஹூக் மாட்டு" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஹூக்கை எங்கே மாட்டுவது என்பதில்தான் உயிரே இருக்கிறது. பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கும் கயிறான லேன்யார்டின் நீளம் சுமார் 1.8 மீட்டர். விழும்போது அதிர்ச்சியைக் குறைக்க அதில் மடித்து வைத்திருக்கும் ஷாக் அப்சார்பர் பிரிந்து, ரகத்தைப் பொறுத்து 1.75 மீட்டர் வரை நீளும். முதுகில் லேன்யார்டு மாட்டும் வளையமான டி-ரிங்கிலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர். அதற்குக் கீழே பாதுகாப்புக்கு 1 மீட்டர் வையுங்கள். கூட்டினால் மாட்டிய இடத்துக்குக் கீழே சுமார் 6 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 4 மீட்டர் உயரச் சாரத்தில் நின்று ஹூக்கைக் காலடியில் மாட்டியவர், பெல்ட் பிடித்து நிறுத்துவதற்குள் தரையில் அடிபடலாம். அதே பெல்ட்டைத் தலைக்கு மேலே உறுதியான இடத்தில் மாட்டியிருந்தால் விழும் தூரம் வெகுவாகக் குறையும். இந்தக் கூட்டல் கணக்கைப் போடத் தெரியாத சூப்பர்வைசர், "பெல்ட் போட்டிருக்கானே" என்று நிம்மதியாக இருப்பார்.

மாட்டும் இடமும் சும்மா கிடைத்த இடமாக இருக்கக் கூடாது. ஒரு ஆளுக்கு 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் தாங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சாரத்தின் கைப்பிடிக் குழாயும் மின்கம்பி போகும் கான்டியூட் பைப்பும் இதற்கு ஆகாது. இன்னொன்றையும் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். விழுந்து தொங்குகிற ஆளின் தொடையை பெல்ட் அழுத்துவதால் இரத்தம் காலிலேயே தேங்கும், சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். அவரை யார், எந்த ஏணியில், எந்தக் கயிற்றில் இறக்குவது என்று வேலை தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஃபயர் சர்வீஸுக்கு போன் போடுவதை மட்டும் திட்டம் என்று சொல்லாதீர்கள்.

பயிற்சியின் முடிவில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மொழியே தெரியாதவர் உட்பட. கேட்காதீர்கள், மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். தொடைப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை நுழைய வேண்டும், மடக்கிய முஷ்டி நுழையக் கூடாது. டி-ரிங் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். இடம் மாறும்போது இரட்டை லேன்யார்டின் இரண்டு ஹூக்கில் ஒன்றாவது எப்போதும் மாட்டியே இருக்க வேண்டும். ஒரு ஆளைச் சோதிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சூப்பர்வைசருக்குத் தேர்வு வேறு மாதிரி. ஆள் ஏறாத ஒரு சாரத்தில் வேண்டுமென்றே பிழைகளை வையுங்கள்: ஒரு குறுக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, சாரக் காலின் அடித்தகடான பேஸ் பிளேட்டை உடைந்த செங்கல் மேல் வைத்து, கட்டாத பலகையை ஓரத்தில் 50 செ.மீ. நீட்டிவிட்டு, பொருள் கீழே விழாமல் ஓரத்தில் தடுக்கும் டோ போர்டையும் எடுத்துவிடுங்கள். தரையில் நின்று சுற்றி வந்து கண்டுபிடிக்கட்டும். செங்கலும் டோ போர்டும் சீக்கிரம் கண்ணில் படும். கழன்ற குறுக்குக் குழாயைத் தவறவிடுகிறவர்தான் ஆபத்தானவர். தள்ளுவண்டி போக வழி வேண்டும் என்று நிஜத்தில் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள்.

பள்ளத்திலும் இதே கதைதான். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. மார்பு வரை மூடினாலே மூச்சை இழுக்க முடியாது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளிக் கொட்ட வேண்டும். ஆழம் ஒன்றரை மீட்டரை எட்டினால் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பக்கவாட்டைச் சரிவாக வெட்ட வேண்டும். மழைக்குப் பிறகு சூப்பர்வைசர் பார்த்துச் சொல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. சரிந்த பள்ளத்தில் காப்பாற்றக் குதிக்கிறவரை இரண்டாவது சரிவு மூடிவிடும். குதிக்காதே என்பதையும் பயிற்சியில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிக் கொடுத்தாலும், "வேலையை நிறுத்தினால் தாமதத்துக்கு நீதான் பொறுப்பு" என்று மேலே இருந்து போன் வந்தால் எல்லாம் வீண். நிறுத்தும் அதிகாரத்தை நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஸ்லாப் போடும் நாளுக்கும் அது பொருந்தும் என்று குறிப்பிட்டே கொடுக்க வேண்டும்.

காலையில் வேலை தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டிப் பாதுகாப்பு பற்றிப் பேசும் பத்து நிமிட டூல்பாக்ஸ் பேச்சு நல்லதுதான், அன்றைய வேலையைப் பற்றி மட்டும் பேசினால். அதே பேச்சு நைட் ஷிஃப்டுக்கும் நடக்கிறதா என்று உங்கள் சைட்டில் விசாரித்துப் பாருங்கள். வெளிச்சம் குறைவு, தூக்கக் கலக்கம், சேஃப்டி ஆபீசரும் வீட்டுக்குப் போயிருப்பார். பல இடங்களில் அந்த ஷிஃப்டுக்கு ரிஜிஸ்டர்கூடக் கிடையாது.