செல்போன் வருவதற்கு முன்பே நின்றுபோன ஆட்டம்

கோடை விடுமுறை தொடங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் தவறாமல் வந்து விழும். டயர் உருட்டும் பையன், கோலிக்குண்டு, பம்பரம், நுங்கு வண்டி, எல்லாம் ஒரே சட்டத்துக்குள். கீழே மஞ்சள் எழுத்தில் 'இதெல்லாம் இனி வருமா?' இந்த முறை அனுப்பியது என் அண்ணன். கூடவே, 'எல்லாத்தையும் இந்தச் செல்போன் வந்து கெடுத்துருச்சு' என்று ஒரு வரி. பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டது 1995 ஜூலையில். என் ஆட்டம் நின்றது 1989ல். நடுவில் இருக்கும் ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அந்தச் செல்போன் மேல் பழி போட்டால் எப்படி?

அண்ணனோடு மல்லுக்கட்ட இதை எழுதவில்லை. அந்தப் படத்தில் இருப்பதெல்லாம் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் படத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளைகூட இல்லை, கவனித்தீர்களா?

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில், கரிசல் காடு. கரிசலில் எந்த ஆட்டத்தை எப்போது ஆடுவது என்று மண்தான் சொல்லும். மழை பெய்தால் பாதத்தில் ஒட்டிய மண்ணோடு அரை அடி உயரமாகிவிடுவோம், ஓட முடியாது. ஈரம் கொஞ்சம் இழுத்ததும் கூரான கம்பியை எறிந்து மண்ணில் குத்தி ஆடுவோம். கோடையில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கோலிக்குண்டு வெடிப்புக்குள் போனால் போனதுதான், கை விட்டுத் துழாவ பயம், பூரான் இருக்கும். அதனால் கோலியெல்லாம் சாணி மெழுகிய களத்தில் மட்டும். பம்பரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஒருவன் டவுசர் பை புடைக்க வந்து நிற்பான், மூன்றாம் நாள் தெரு முழுக்கச் சாட்டை சுற்றிக்கொண்டிருக்கும். அண்ணனுக்குத் தெரியாமல் அவனுடைய பம்பரத்தை எடுத்துக்கொண்டு போய் வட்டத்துக்குள் வைத்து, நாலு பேரிடம் ஆக்கர் (அவரவர் பம்பர ஆணியால் விழும் குத்து) வாங்கி, ஆணிக் குழிகளோடு திருப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். பம்பரத்தில் விழுந்த அதே எண்ணிக்கையில் எனக்கும் தலையில் விழுந்தது.

இதையெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது உத்தி கட்டுவதைப் பற்றி. அதை ஏனோ யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை.

இரண்டு அணி பிரிக்க வேண்டும். நன்றாக ஆடும் இருவர் தலைவர்கள், அவர்கள் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு, வேப்பமரத்துக்குப் பின்னால் போய்க் குசுகுசுவென்று ஆளுக்கொரு ரகசியப் பேர் வைத்துக்கொள்வோம். நான் ரோஜாப்பூ, நீ தாமரைப்பூ. பசி வந்த நேரமாக இருந்தால் நான் இட்லி, நீ தோசை. அப்புறம் அதே தோள்கையோடு தலைவர்கள் முன்னால் வந்து, "உத்தி, உத்தி! உங்களுக்கு இட்லி வேணுமா, தோச வேணுமா?" ஒரு தலைவர் தோசை என்பார். தோசை யாரோ அவள் அந்தப் பக்கம், இட்லி இந்தப் பக்கம். அடுத்த ஜோடிக்கு மற்றத் தலைவர் கேட்பார்.

இதில் ஒளிந்திருக்கும் சூட்சுமம் நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. ஜோடி சேரும்போதே நாங்கள் எங்களுக்குச் சமமான ஆளைத்தான் தேடுவோம். வேகமாக ஓடுகிறவள் வேகமாக ஓடுகிறவளோடு, குண்டுப் பையன் இன்னொரு குண்டுப் பையனோடு. சமமில்லாத ஜோடி வந்து நின்றால், "ஏட்டி, இது செல்லாது, ஆள மாத்து" என்று தலைவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே எப்படிப் பிரித்தாலும் இரண்டு அணியும் ஏறக்குறைய ஒரே பலத்தில் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், யாரை எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுக்கிறார்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாமல் ஒருவள் மட்டும் தனியாக நிற்கும் அவமானம் அந்த முறையில் யாருக்கும் நேராது. பள்ளிக்கூடத்தில் கேப்டன்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டு அணி எடுத்தபோதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். கடைசி ஆளாக நின்ற அந்த ஐந்து நிமிஷத்தில் என் கால் கட்டைவிரலை நான் பார்த்த மாதிரி வாழ்க்கையில் வேறு எதையும் உற்றுப் பார்த்ததில்லை.

தெருவில் கிரிக்கெட் வந்ததும் கேப்டன் எடுக்கும் முறை தெருவுக்கும் வந்துவிட்டது. எங்கள் ஊரில் செல்லாங்குச்சியை (மற்ற ஊர்களில் கிட்டிப்புள், கில்லி) ஓரங்கட்டியது கிரிக்கெட்தான், செல்போன் இல்லை. 1987 உலகக் கோப்பையை ஊரில் இருந்த ஒரே டிவியில், ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு பார்த்த பையன்கள், மறுநாளே தென்னை மட்டையைச் செதுக்க ஆரம்பித்தார்கள். இது அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். மட்டை செதுக்கியதில் அவனும் ஒருவன்.

அடுத்து ஒப்புக்குச் சப்பாணி. இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு கூசுகிறது, ஒரு உடற்குறையைக் கேலிப் பெயராக்கிய சொல். ஆனால் அந்த ஏற்பாடு அபாரமானது. என் தம்பிக்கு அப்போது நாலு வயது. அவனைப் பார்த்துக்கொண்டால்தான் எனக்கு விளையாட அனுமதி. அவனை விட்டால் அழுவான், சேர்த்தால் ஆட்டம் கெடும். சரி, அவன் ஒப்புக்கு. ஓடலாம், ஒளியலாம், கத்தலாம், பிடித்தால் அவுட் கிடையாது. அவன் யாரையாவது தொட்டால் தொடப்பட்டவர் பாவனையாக அவுட் ஆகிப் பிறகு எழுந்து ஓடுவார். அவன் ஒப்பு என்பது அவனுக்கு மட்டும் தெரியாது, அதுதான் அந்த ஆட்டத்தின் ஒரே ரகசியம். பெரியவர்கள் யாரும் எங்களுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. அந்தக் களத்தில் பெரியவர்களே கிடையாது. நடுவர் கிடையாது, விசில் கிடையாது. ஆட்டம் ஒரு பங்கு என்றால் சண்டை மூன்று பங்கு. 'கோட்டைத் தொட்டது', 'தொடல', 'அம்மா சத்தியமா', 'உங்க அம்மா மேல நீ வைக்கிற சத்தியம் எங்களுக்குத் தெரியாதாக்கும்'. கடைசியில் ஏதோ ஒரு தீர்ப்பு வந்துதான் ஆகும், இருட்டுவதற்குள் ஆடி முடிக்க வேண்டுமே.

பாண்டி ஆட்டத்தில் மட்டும் நான் புலி. அதற்கு ஓட்டாஞ்சில்லு தயாரிப்பது தனிக்கலை. உடைந்த மண்பானையில் கழுத்துப் பக்கத்து ஓடு உதவாது, வளைந்திருக்கும். அடிவயிற்றுப் பக்கத்து ஓடுதான் தட்டையாகக் கிடைக்கும். அதை ஓரம் தட்டி, வாசல்படிக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். விரல் நுனித் தோல் வழுவழுவென்று ஆகும்வரை தேய்த்தால் வட்டம் வரும். எறிவதற்கு முன் லேசாக எச்சில் தொட்டுக்கொண்டால் கட்டத்துக்குள் அப்படியே உட்காரும், உருளாது. கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கோட்டை மிதிக்காமல் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டிக்கொண்டே "ரைட்டா?" என்று கேட்பேன். "ரைட்டு" என்று குரல் வரும். எதிரணிதான் சொல்கிறது. பொய் சொல்லலாம், சொல்ல மாட்டார்கள்.

கீழடி அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள் அல்லவா, அந்த மே மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் பானை ஓட்டில் செய்த வட்டச் சில்லுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். "என்னம்மா இது, கடிச்சு வச்ச பிஸ்கட் மாதிரி?" என்றாள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் போகிற ஊர் அது. நான் சில்லின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் சரியாகத் தேயவில்லை. யாரோ பாதி தேய்த்துக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து கூப்பிட்டிருப்பார்கள் என்று தோன்றியது. இது என் கற்பனைதான், ஆராய்ச்சியாளர்கள் மன்னிக்கட்டும்.

இவ்வளவு சொன்னதால் அது பொற்காலம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் விடியற்காலை நாலரை மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரும். என்னோடு உத்தி கட்டிய பிள்ளைகளில் மூன்று பேர் அந்த வேனில் போவார்கள், சாயங்காலம் இருட்டியபின் திரும்புவார்கள். கட்டை அடுக்குவது வேலை, சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை வரிவரியாகச் சொருக வேண்டும். எத்தனை கட்டை அடுக்குகிறார்களோ அதற்குத்தான் காசு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஆட்டம். ஐந்து கல் ஆடும்போது அவர்களிடம் யாரும் ஜெயிக்க முடியாது, விரல் அவ்வளவு வேகம். அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை. குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வேன் வந்துகொண்டுதான் இருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடம்தான், ஒரே பெஞ்சுதான். ஆனால் சாயங்காலம் அவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம் ஆடினார்கள், நாங்கள் இந்தப் பக்கம். கூடாது என்று எங்களிடம் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது. உத்தி கட்டுவதில் அவ்வளவு நியாயம் பார்த்த நாங்கள் அந்த ஓடையைப் பற்றி ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை.

சரி, 1989க்கு வருகிறேன். ஐப்பசி மாதம் நான் பெரியமனுஷி ஆனேன். பதினாறாம் நாள் சடங்கு, தாய்மாமன் சீர், உளுந்தங்களி, எல்லாம் முறைப்படி நடந்தது. களி ருசியாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்த மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வாசல் தாண்டினேன். "ஏட்டி, எங்க போற? இனிமே என்ன ஆட்டம்?" என்றாள் ஆச்சி. அதட்டவில்லை, மழை வரும் போலிருக்கிறது, துணியை எடு என்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதே வருஷம் நவம்பரில் ஐ.நா. சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது, அதில் 31வது பிரிவு விளையாடும் உரிமையைச் சொல்கிறது. பதினெட்டு வயதுவரை குழந்தை என்றும் அதில் இருக்கிறது. எங்கள் ஆச்சிக்கு ஐ.நா. சபையோடு போக்குவரத்து இல்லை.

இன்றைய பிள்ளைகளைப் பற்றியும் இரண்டு வரி. நான் இப்போது இருக்கும் குடியிருப்பில் கீழே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள், 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று. அதற்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் அந்த நுங்கு வண்டிப் படத்தை அனுப்புகிறவர்கள். தெருவில் இறங்கினால் வண்டி, பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்கிறார். பிள்ளை கையில் போனைக் கொடுத்ததும் நாம்தான், பிடுங்குவதும் நாம்தான், நடுவில் உட்கார்ந்து கவிதை எழுதுவதும் நாம்தான்.

அண்ணா, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. அந்தக் கார்த்திகையில் நான் திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, தீபத்துக்குத் திரி உருட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் எதிரே செல்லாங்குச்சி ஆடினீர்கள். நீ உடங்கம்பை, அந்த நீளக் கம்பை, ஓங்கி அடித்தாய், குச்சி விர்ரென்று சுழன்றுகொண்டு நேராகத் திண்ணைக்கு வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. மடியில் திரி, வலது கை முழுக்க எண்ணெய். இடது கையை மட்டும் நீட்டினேன், வந்து உட்கார்ந்தது. உள்ளங்கை எரிந்தது.

எதிரணிப் பையன்கள் எல்லோரும் குதித்தார்கள். "அவுட்டு! கேட்ச் புடிச்சாச்சு, அவுட்டு!"

நீ கம்பை ஊன்றிக்கொண்டு நின்று, என்னைப் பார்க்காமல் அவர்களிடம் சொன்னாய்: "அது செல்லாதுல. அவ ஆட்டத்துலயே இல்ல."

கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. பிறகு எதிரணி ஒப்புக்கொண்டது. விதி அப்படித்தான், ஆட்டத்தில் இல்லாதவர் பிடித்தால் அவுட் கிடையாது. நான் குச்சியை உங்களிடம் எறிந்துவிட்டுத் திரியை எடுத்தேன்.