கோவேறு கழுதை யார் பக்கத்துச் சாட்சி?

அந்த மூன்று நிமிட வீடியோவை நேற்று இரவு வரை பதினாறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த வீடியோ என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேசியவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. நம் சேலத்தில், ஆட்கள் நிரம்பிய மண்டபத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது இரண்டே கேள்வி. நாயும் ஆடும் சேர்ந்து குட்டி போட்டதை யாராவது பார்த்ததுண்டா? குதிரையும் கழுதையும் சேர்ந்து பிறக்கிற கோவேறு கழுதைக்கு ஏன் குட்டி பிறப்பதில்லை? பதிலையும் அவரே சொல்லிவிட்டார். ஆகவே பரிணாமம் பொய், இத்தனை வருஷமாக டீச்சர்கள் நம் பிள்ளைகளை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் கைத்தட்டல்.

31 வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கைத்தட்டலைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத வைத்தது ஒரு பழைய மாணவன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு வேறு விலங்குகள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு புது விலங்கு பிறப்பதுதான் பரிணாமம் என்று யாரும் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. டார்வின் 1859இல் எழுதியது பிரிவதைப் பற்றி. ஒரே கூட்டமாக இருந்தவை இரண்டாகப் பிரிகின்றன. தனித்தனியே வாழ்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, ஒரு காலத்தில் திரும்ப ஒன்றுசேரவே முடியாத தூரத்துக்குப் போய்விடுகின்றன. அப்படியென்றால் பாதி தூரம் போனவை எப்படி இருக்கும்? சேரும், ஆனால் அரைகுறையாக. குட்டி பிறக்கும், ஆனால் வம்சம் நீளாது. கோவேறு கழுதை அந்தப் பாதி தூரத்தில் நிற்கிற பிராணி. பரிணாமத்துக்கு எதிராக அவர் கூண்டில் ஏற்றிய சாட்சி எங்கள் பக்கத்துச் சாட்சி.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏழாவது வளைவில் திரும்பும்போது ஜன்னலோரம் இருப்பவரிடம் கேளுங்கள், சேலத்து வெயில் எங்கே முடிந்தது, ஏற்காட்டுக் குளிர் எங்கே தொடங்கியது என்று. ஒரு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவரால் முடியாது. அதனால் சேலமும் ஏற்காடும் ஒன்று என்று ஆகிவிடுமா? இல்லை, நடுவில் பாதையே கிடையாது என்று ஆகிவிடுமா? இனங்களும் அப்படித்தான். தம்முள் கூடி வம்சம் வளர்ப்பவை ஒரே இனம் என்று 1942இல் உயிரியல் அறிஞர் எர்ன்ஸ்ட் மாயர் வரையறை தந்தார். பாடத்தில் அதைத்தான் சொல்வோம். ஆனால் இயற்கை அந்த வரையறையைப் படித்துவிட்டு நடப்பதில்லை.

கோவேறு கழுதை பாடத்தை நான் எப்படி நடத்துவேன் என்று என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வகுப்பு வாசலில் கிடக்கும் செருப்புகள்தான் எனக்குப் பாடப்பொருள். குரோமோசோம் என்பது செல்லுக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற இழை. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. குட்டிக்கு அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. ஏ பிரிவுப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்றாக 32 செருப்பு வாங்குவேன், அது குதிரை. பி பிரிவில் 31, அது கழுதை. மொத்தம் 63. இப்போது ஜோடி சேருங்கள் என்பேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சேர்ப்பார்கள். ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் தோல் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தியதற்குப் பக்கத்தில் புதுசு. எதுவும் சரியாகப் பொருந்தாது. கடைசியில் ஒன்று தனியாக நிற்கும். விந்தும் முட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும், அங்கே இந்தக் குழப்பம்தான் நடக்கிறது, அதனால்தான் கோவேறு கழுதை மலடு என்பேன். பின்பெஞ்சுப் பையனுக்கும் புரியும்.

ஆனால் அதோடு நிறுத்தியதில்லை. எண்ணிக்கை ஒன்றே சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. மங்கோலியப் புல்வெளியின் காட்டுக் குதிரையான பிரெஸ்வால்ஸ்கிக்கு 66. வீட்டுக் குதிரையோடு சேர்ந்து பிறக்கும் குட்டிக்கு 65. அந்தக் குட்டி மலடில்லை, நன்றாகவே குட்டி போடும். பெண் கோவேறு கழுதைகூட மிக அபூர்வமாகக் குட்டி ஈன்றது பதிவாகியிருக்கிறது. செம்மறிக்கு 54, வெள்ளாட்டுக்கு 60. அவை சேர்ந்தால் கரு உண்டாகலாம், பெரும்பாலும் வயிற்றிலேயே போய்விடும். நாய்க்கு 78. நாய்க்கும் ஆட்டுக்கும் எதுவுமே உண்டாகாது. வரிசையைப் பாருங்கள். நெருங்கிய சொந்தம் சேர்ந்தால் வம்சம் நீள்கிறது. கொஞ்சம் தூரத்துச் சொந்தம் என்றால் மலடு. இன்னும் தூரம் என்றால் கருவிலேயே முடிகிறது. ரொம்ப தூரம் என்றால் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு விலங்கும் தனித்தனியாகச் செய்து வைக்கப்பட்டது என்றால் இந்தப் படிக்கட்டு எதற்கு? அவர் கேட்ட இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நாயும் ஆடும் என்று அவர் சொன்னபோது மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீடு அப்போது அடிவாரத்தில். அப்பா மலைமேல் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரி, அம்மா நாலு வெள்ளாடு வைத்திருந்தார். நான் எட்டாவது படிக்கும்போது அதில் ஒன்று ஈன்ற குட்டிக்கு முகம் சரியாக அமையவில்லை. மேல்தாடை குட்டை, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, உடம்பில் மயிரே இல்லை. ஒரு மணி நேரம்தான் இருந்தது. அம்மா கோணிச் சாக்கில் கிடத்தி அதன் வாயில் பஞ்சால் பால் நனைத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் ஊரே கூடிவிட்டது. நாய்க்குப் பிறந்தது என்று யாரோ சொன்னார்கள், சாயங்காலத்துக்குள் அது உண்மையாகிவிட்டது. இந்த வீட்டுக்கு ஆகாது, இந்தத் தெருவுக்கே ஆகாது என்றார்கள். தாய் ஆட்டை யாரும் மேய்ச்சலுக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. பத்து நாளில் பாதி விலைக்கு கறிக்கடைக்காரர் ஓட்டிக்கொண்டு போனார். பால் கட்டிய மடியோடு அது கத்திக்கொண்டே போனது. அம்மா வாசலுக்கு வரவில்லை.

சினை ஆடு எதைத் தின்றது, என்ன நோய் கண்டது என்று கேட்கத் தெரிந்த ஒருவரும் அன்றைக்கு ஊரில் இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் ஒற்றைக் கண்ணோடு செம்மறிக் குட்டிகள் பிறந்தபோது அங்கேயும் காரணம் தெரியாமல்தான் தவித்தார்கள். தாய் ஆடுகள் சினைக் காலத்தில் தின்ற ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று பின்னால் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதைக் கல்லூரியில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் விலங்கியல் டீச்சர் ஆனேன் என்றுகூடச் சொல்லலாம். என்னை ஏமாற்றுக்காரி என்கிறார் மேடையில் நிற்பவர்.

சரி, வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும்.

"கலப்பில் புது இனம் வந்ததே கிடையாதே டீச்சர்?" இதைக் கேட்பவர் காலையில் குடித்துவிட்டு வந்த காபியே ஒரு கலப்பினம். அரபிகா என்பது ரொபஸ்டாவும் இயூஜெனியாய்டிஸ் என்ற இன்னொரு காட்டுக் காபியும் மனிதன் கைபடாமல் இயற்கையில் கலந்து உண்டானது. இரண்டுக்கும் 22 குரோமோசோம், அரபிகாவுக்கு இரண்டும் சேர்ந்து 44. ஜோடி சேர ஆள் இல்லாத குரோமோசோம்கள் இரட்டிப்பானதும் ஜோடி கிடைத்துவிட்டது, வம்சம் நீண்டது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காட்டில் நட்டுவைத்த காபியிலிருந்து தொடங்கி, இந்த மலையின் பிழைப்பே அந்தக் கலப்பின் மேல்தான் நிற்கிறது. அப்பா தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் எஸ்.795 என்ற அரபிகா ரகம் வரிசை வரிசையாக நிற்கும். அந்த ரகத்தின் வம்சத்தில் லைபீரிகா என்ற மூன்றாவது இனத்தின் ரத்தமும் உண்டு, இலைத் துருநோயைத் தாங்குவதற்காக. இதெல்லாம் தெரியாமலே அப்பா இலையைத் திருப்பி அடியில் மஞ்சள் பொடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

"அது செடி, விலங்கைச் சொல்லுங்கள்" என்பீர்கள். நியாயம்தான், விலங்குகளில் இது குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்ற சின்னத் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி வருஷக்கணக்காகக் குருவிகளுக்கு வளையம் போட்டுக் கணக்கெடுத்தார்கள். 1981இல் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு பெரிய ஆண் ஃபிஞ்ச் குருவி வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெட்டையோடு கூடியது. அதன் பாட்டு வேறு, அலகு வேறு. பேரன் பேத்திகள் காலத்திலிருந்து அந்த வம்சம் தனக்குள்ளேயே ஜோடி சேர ஆரம்பித்துவிட்டது. இரண்டு மனிதர்கள் கண் முன்னே நடந்தது இது.

கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் புலிக்கும் சிங்கத்துக்கும் பிறந்த ருத்ராணி என்ற பெண், பிறகு சிங்கத்தோடு சேர்ந்து குட்டிகள் ஈன்றது. பாலூட்டிகளில் பெரும்பாலும் ஆண் கலப்பு மலடாகிறது, பெண் தப்பிக்கிறது. இப்படித்தான் நடக்கும் என்று 1922லேயே விதி சொன்னவர் ஹால்டேன் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. அவர் பின்னால் இந்தியாவுக்கே வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்தார். வெள்ளைக்காரன் கதை என்று சொல்கிறவர்கள் இதையும் கொஞ்சம் படியுங்கள்.

மனிதனையும் விட்டுவிட முடியாது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வந்தவர்களின் சந்ததி எல்லோருக்கும் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ ஒன்று இரண்டு சதவீதம் நியாண்டர்தால் என்ற, அழிந்துபோன இன்னொரு வகை மனிதர்களிடமிருந்து வந்தது. அதைப் படித்துக் காட்டிய ஸ்வாந்தே பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எனக்குள் இருக்கிறது, கைதட்டியவர்களுக்குள்ளும் இருக்கிறது, மேடையில் பேசியவருக்குள்ளும் இருக்கிறது.

"சாமி இல்லை என்கிறீர்களா?" நான் எப்போது சொன்னேன்? வருஷா வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையேறுகிறவள் நான். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வருவேன். பள்ளி திறந்ததும் வந்து இந்தப் பாடத்தையும் நடத்துவேன். எனக்குள் இரண்டும் சண்டை போட்டதில்லை. இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

"அவர் ஏதோ பேசிவிட்டுப் போகிறார், நீங்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்?" கோபம் அவர் மேல் இல்லை. 2023இல் மத்தியப் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் கடிதம் எழுதியும் கேட்கவில்லை. நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. ஆனால் பாடம் இருந்து என்ன? மண்டபத்தில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. நான் 31 வருஷம் தொண்டை கட்டக் கட்டச் சொன்னது எங்கே போனது?

இனி அந்த மாணவனுக்கு. உன் பெயரை எழுத மாட்டேன் கண்ணு, பயப்படாதே. அந்த வீடியோவைப் பகிர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று போட்டு, "எங்க டீச்சர் இதுக்கு என்ன சொல்றாங்க" என்று என்னைக் கோத்துவிட்டாய். அதன் கீழே ஒருவர் "குரங்கு டீச்சர்" என்று எழுதினார். நீ அதற்கும் விருப்பம் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. நீ ஏ பிரிவு, மூன்றாவது பெஞ்சு. அன்றைக்கு 63 செருப்பில் ஜோடி சேராமல் மிஞ்சியது உன்னுடையது. நீலவார் ரப்பர் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்று நான் அதை எடுத்து மேசை மேல் வைத்துக்கொண்டேன். மணி அடிக்கும்வரை ஒரு காலில் செருப்போடு நீ உட்கார்ந்திருந்தாய். மணி அடித்ததும் வந்து, "டீச்சர், அப்ப கோவேறு கழுதைக்கு அது தெரியுமா டீச்சர், பாவமில்ல?" என்று கேட்டாய்.